இன்வெர்ட்டர் இருந்தும் ஹோம் தியேட்டர் போச்சு: பேக்கப் வேற, பாதுகாப்பு வேற!



போன ஐப்பசி மாசம், ஒரு மழை நாள் சாயங்காலம். ராஜபாளையத்தில் இருந்து மச்சான் போன் பண்ணார். "மாப்ள, டிவி போயிடுச்சு. ஆம்ப்ளிஃபையரும் போயிடுச்சு. ஹால் பூரா கருகின வாசனை. வீட்லதான் இன்வெர்ட்டர் இருக்கே, அப்புறம் எப்படி மாப்ள போச்சு?"

நான் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் பிடிச்சா அரை மணி நேரம்கூட ஆகாது. மறுநாள் காலையில போய்ப் பார்த்தேன். ஃபேன் நல்லா சுத்திக்கிட்டு இருந்தது. எல்.இ.டி. பல்பு எல்லாம் எரிஞ்சது. ஃப்ரிட்ஜ் ஓடலை. ஆனா ஃப்ரிட்ஜுக்கு ஒண்ணும் ஆகலை, அதோட ஸ்டெபிலைசர்தான் கருகிப் போயிருந்தது. நேரா பிளக்ல குத்தினதும் ஃப்ரிட்ஜ் ஓடிடுச்சு. 55 இன்ச் டிவி, 5.1 ஏ.வி. ரிசீவர், சப் ஊஃபர் மூணும் மட்டும் செத்துக் கிடந்தது.

அந்த செட்டோட மொத்த விலை 84,000 ரூபாய். ஆடித் தள்ளுபடியில நோ காஸ்ட் இ.எம்.ஐ. போட்டு வாங்கினது. மாசம் 7,000, மொத்தம் 12 தவணை. போனது எந்த மாசம் தெரியுமா? மூணு தவணை கட்டி முடிச்ச மாசம். மிச்சம் 9 தவணை, 63,000 ரூபாய். பொருள் எரிஞ்சு போச்சுன்னு இ.எம்.ஐ. நிக்காது நண்பர்களே. நிறுத்தினா சிபில் ஸ்கோர்தான் அடி வாங்கும்.

சர்வீஸ் ஆள் வந்து பார்த்துட்டு, "இது வோல்டேஜ் டேமேஜ், வாரண்டியில வராது" என்று எழுதிக் கொடுத்துட்டார். டிவி போர்டு 13,500, ரிசீவர் 9,000, ஊஃபர் 4,500. ஆக மொத்தம் 27,000 ரூபாய் எஸ்டிமேட். ஒரு மில் ஆபீஸ்ல சம்பளத்துக்கு இருக்கிற மனுஷனுக்கு இது ஏறக்குறைய ஒரு மாசச் சம்பளம்.

மச்சான் கேட்ட கேள்வி இப்போ உங்க வீட்டுக்கும் பொருந்தும்: இன்வெர்ட்டர் இருந்தும் எப்படிப் போச்சு? வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

அன்னைக்கு சாயங்காலம் நடந்தது என்ன?

காத்துல மரக்கிளை ஒண்ணு முறிஞ்சு தெருக் கம்பி மேல விழுந்திருக்கு. அறுந்தது ஃபேஸ் கம்பி இல்லை, நியூட்ரல் கம்பி. ஃபேஸ் அறுந்திருந்தா சும்மா கரண்ட் போயிருக்கும், அவ்வளவுதான். நியூட்ரல் அறுந்தா கதையே வேற.

ட்ரான்ஸ்ஃபார்மரில் இருந்து நம்ம தெருவுக்கு மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல் வரும். உங்க வீட்டுக்கு அதுல ஏதாவது ஒரு ஃபேஸும் நியூட்ரலும். அதனால 230 வோல்ட். பக்கத்து வீட்டுக்கு இன்னொரு ஃபேஸும் அதே நியூட்ரலும். அங்கேயும் 230. ஆனா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல இருக்கிறது சுமார் 400 வோல்ட்.

நியூட்ரல் அறுந்த உடனே என்ன ஆகும்? உங்க வீடும் பக்கத்து வீடும் ஒரே சங்கிலியில கோர்த்த மாதிரி ஆகி, அந்த 400 வோல்ட்டை ரெண்டு வீடும் பங்கு போட்டுக்கும். பங்கு சமமா இருக்காது. அயர்ன் பாக்ஸ், ஹீட்டர்னு அதிக லோடு ஓடுற வீட்டுக்குக் குறைஞ்ச வோல்டேஜ் போகும். ரெண்டு லைட்டும் ஒரு டிவியும் மட்டும் ஓடுற வீட்டுக்கு 300, 350 வோல்ட்கூட வரும். லைட் திடீர்னு கண் கூசுற மாதிரி பளிச்சுன்னு எரிஞ்சுதுன்னு அக்கா சொன்னாங்க. அதுதான் அடையாளம். அந்த நிமிஷமே மெயினை ஆஃப் பண்ணணும். நின்னு வேடிக்கை பார்த்தா செலவுதான்.

இன்வெர்ட்டர் ஏன் காப்பாத்தலை?

ரெண்டு காரணம்.

முதல் காரணம் ஒயரிங். பெரும்பாலான வீடுகள்ல இன்வெர்ட்டர் லைன்ல ஃபேனும் லைட்டும் மட்டும்தான் இருக்கும். டிவி பிளக் நேரடி ஈ.பி. லைன்ல. மச்சான் வீட்டிலயும் அப்படித்தான். ஒரு பக்கம் 2,000 ரூபாய் ஃபேன் தப்பிச்சுது, இன்னொரு பக்கம் 84,000 ரூபாய் செட் மாட்டிக்கிச்சு.

ரெண்டாவது காரணம் இன்னும் முக்கியம். வீட்டு இன்வெர்ட்டர் கரண்ட் இருக்கும்போது ஈ.பி. கரண்ட்டை அப்படியே உள்ளே விட்டுடும். சுத்தம் பண்ணி, அளவா மாத்திக் கொடுக்கிறதெல்லாம் கிடையாது. வாசல் கதவு திறந்திருக்கிற மாதிரிதான். கரண்ட் போனா மட்டும்தான் பேட்டரிக்கு மாறும்.

பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யு.பி.எஸ். மோட்', இன்னொரு பக்கம் 'நார்மல்' அல்லது 'எக்கோ' அல்லது 'வைட்' மோட். பெயர் கம்பெனிக்கு கம்பெனி மாறும். பொதுவா வைட் மோட்ல சுமார் 100 முதல் 290 வோல்ட் வரைக்கும் வர்ற கரண்ட்டை அப்படியே விட்டுடும். யு.பி.எஸ். மோட்ல சுமார் 180 முதல் 260 வரைதான் விடும். அதைத் தாண்டினா பேட்டரிக்கு மாறிடும். மாறுற வேகமும் அதிகம், அதனால டிவியும் மோடமும் ஆஃப் ஆகி ஆன் ஆகாது.

உங்க வீட்டு இன்வெர்ட்டரில் அந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னு இன்னைக்கே பாருங்க. மேனுவலைப் பார்த்து யு.பி.எஸ். பக்கம் தள்ளுங்க. செலவு: பூஜ்யம். அடிக்கடி லோ வோல்டேஜ் இருக்கிற ஏரியான்னா மட்டும் பேட்டரி சீக்கிரம் தீரும், அதை யோசிச்சுக்கோங்க.

நம்ம மனசுல ஏன் இன்வெர்ட்டர்னா பாதுகாப்புன்னு பதிஞ்சு போச்சு?

2012 ஞாபகம் இருக்கா? நீங்க அப்போ ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. சென்னையில 2 மணி நேரம் பவர் கட். வெளி மாவட்டங்களில் பல இடங்களில் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கும் மேல. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பரீட்சைக்குப் படிச்ச தலைமுறை நாம. ராஜபாளையம் மில்லும், சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யுற தறியும் கரண்ட்டை நம்பித்தானே ஓடுது! அந்த வருஷங்கள்ல வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துச்சு. கரண்ட் பிரச்சினைன்னாலே 'இன்வெர்ட்டர் வாங்கு' என்று பழகிட்டோம்.

இப்போ நிலைமை மாறிடுச்சு. 2013 டிசம்பர் 31-ல் தென் மாநில மின் தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைஞ்சது. அந்தப் பத்து மணி நேர மின்வெட்டு இன்னைக்கு இல்லை. இன்னைக்கு நமக்கு இருக்கிறது மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன், மழை நேரத்துல வந்து வந்து போற கரண்ட், இடி மின்னல், வோல்டேஜ் ஏற்ற இறக்கம். அதாவது, கரண்ட் *இல்லாத* நேரத்தைவிட, கரண்ட் *மோசமா இருக்கிற* நேரம்தான் நம்ம பொருளுக்கு ஆபத்து.

வீட்டுல இருக்கிற பொருளும் மாறிடுச்சு. 2012-ல் 21 இன்ச் பழைய பெட்டி டிவி. இப்போ சவுண்ட்பார், ஏ.வி. ரிசீவர், ப்ரொஜெக்டர், கேமிங் கன்சோல். எல்லாம் நுணுக்கமான போர்டு, எல்லாம் எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஒண்ணோட ஒண்ணு கோர்த்தது. ஒண்ணுல அடிச்சா மத்ததுக்கும் பரவும்.

மூணு விதமான ஆபத்து, மூணு விதமான மருந்து

இதுலதான் எல்லாரும் குழம்புறாங்க. கடையில 'சர்ஜ் ப்ரொடெக்‌ஷன்' என்று எழுதின ஜங்ஷன் பாக்ஸ் வாங்கிட்டு எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க.

*1. மின்னல் வேக அடி.* ஒரு நொடியில ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் வந்து போறது. இடி, மின்னல், கரண்ட் திரும்பி வர்ற நேரத்து துள்ளல். இதுக்கு மருந்து சர்ஜ் ப்ரொடெக்டர், சுருக்கமா எஸ்.பி.டி. உள்ளே இருக்கிற எம்.ஓ.வி. என்கிற சின்ன வில்லை அந்த அடியை வாங்கி எர்த்துக்குத் தள்ளிடும். எர்த் சரியா இல்லைன்னா தள்ள இடமே இல்லை. இது டயர் மாதிரி தேயும். பச்சை லைட் அணைஞ்சுட்டா மாத்தணும்.

*2. நின்னு அடிக்கிற ஹை வோல்டேஜ்.* மச்சான் வீட்டுல நடந்தது. நிமிஷக் கணக்கில் 300 வோல்ட்டுக்கு மேல. இதுக்கு சர்ஜ் ப்ரொடெக்டர் போதாது, அதுவே எரிஞ்சு போகலாம். இதுக்கு மருந்து ஓவர் வோல்டேஜ் ரிலே. நீங்க வைக்கிற அளவைத் தாண்டினா வீட்டு லைனையே துண்டிச்சுடும். வோல்டேஜ் சரியாகி, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் திரும்ப விடும். ஃப்ரிட்ஜைக் காப்பாத்தினதும் இதே தத்துவம்தான். ஸ்டெபிலைசர் தன்னைப் பலி கொடுத்து லைனை கட் பண்ணிடுச்சு.

*3. லோ வோல்டேஜும் திடீர் மின்தடையும்.* இதுக்குத்தான் ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், யு.பி.எஸ். எல்லாம். உங்க டிவி பின்னாடி ஸ்டிக்கரைப் பாருங்க. '100-240 வோல்ட்' என்று போட்டிருந்தா லோ வோல்டேஜை அதுவே சமாளிச்சுக்கும். அதுக்குன்னு தனியா 3,000 ரூபாய் ஸ்டெபிலைசர் வேண்டாம். '220-240' என்று மட்டும் போட்ட ரிசீவருக்கு வேணும்னா யோசிக்கலாம்.

இதுல சிரிப்பு என்னன்னா, மச்சான் வேலை பார்க்கிற மில்லுல ஒவ்வொரு மோட்டாருக்கும் பாதுகாப்பு ரிலே இருக்கு. சுத்துப்பட்டு தென்னந்தோப்புல, மாந்தோப்புல கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்கே 'சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர்' மாட்டியிருப்பாங்க. தோட்டத்து மோட்டாருக்குச் செய்யுறதை வீட்டு ஹாலுக்குச் செய்ய மறந்துட்டோம்.

கரண்ட் லைன் மட்டும் வழி இல்லை

இது என் சொந்த அனுபவம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க வீட்டு மாடியில டி.டி.எச். டிஷ் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்துலயே இருக்கிறதால சித்திரைக் கோடை மழையிலயும் ஐப்பசி மழையிலயும் நம்ம பக்கம் இடி பலமா இருக்கும். ஒரு நாள் இடி இடிக்கும்போது டிவி பிளக்கைப் பிடுங்கி வெச்சுட்டேன். ஆனா டிஷ் கேபிளைக் கழட்டலை. செட் டாப் பாக்ஸ் பிளக்கும் மாட்டியபடியே இருந்தது. மின்னல் எங்கேயோ பக்கத்துல விழுந்தது. செட் டாப் பாக்ஸ் போச்சு, அது வழியா எச்.டி.எம்.ஐ. கேபிளில் போய் டிவியோட மெயின் போர்டும் போச்சு. 9,000 ரூபாய் தண்டம்.

அன்னைக்குக் கத்துக்கிட்டேன்: செம்புக் கம்பி எது வழியா உள்ளே வந்தாலும் அது ஒரு வாசல்தான். டிஷ் கேபிள், கேபிள் டிவி ஒயர், பழைய லேண்ட்லைன் ஒயர் எல்லாம் சேர்த்துத்தான் கழட்டணும். ஃபைபர் நெட் கேபிள் கண்ணாடி இழை, அது மின்சாரம் கடத்தாது. ஆனா அதோட மோடம் அடாப்டர் பிளக்ல இருக்கு, அதையும் பிடுங்குங்க.

சரி, எவ்வளவு செலவாகும்?

நான் என் வீட்டுக்கும், இப்போ மச்சான் வீட்டுக்கும் போட்ட கணக்கு இது. தோராயமான விலைதான். ஊருக்கும் பிராண்டுக்கும் தகுந்த மாதிரி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

- எர்த் பரிசோதனை, சின்னச் சின்ன சரிசெய்தல்: 1,000
- ஓவர் வோல்டேஜ் ரிலே, டி.பி. பாக்ஸ்ல மாட்டுறது: 1,800
- டைப் 2 எஸ்.பி.டி., டி.பி. பாக்ஸ்ல மாட்டுறது: 2,800
- டிவி பக்கத்துல எர்த்தோட நல்ல ஸ்பைக் கார்டு: 900
- எலெக்ட்ரீஷியன் கூலி: 1,000

மொத்தம் 7,500 ரூபாய். புதுசா எர்த் குழி தோண்டணும்னா மட்டும் இன்னும் சில ஆயிரம் கூடும்.

84,000 ரூபாய் செட்டுக்கு இது 9 சதவீதம்கூட இல்லை. அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் 125 ரூபாய். அரைக் கிலோ பால்கோவா விலைகூடக் கிடையாது. இது டிவிக்கு மட்டும் இல்லை, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி., லேப்டாப் சார்ஜர் எல்லாத்துக்கும் சேர்த்து.

"அண்ணே, நான் வாடகை வீடு, டி.பி. பாக்ஸைத் தொட ஓனர் விட மாட்டார்" என்கிறீங்களா? பிளக்ல நேரா மாட்டுற வோல்டேஜ் ப்ரொடெக்டர் கிடைக்குது, 600-ல் இருந்து 1,200 ரூபாய்க்குள்ள. அதுக்கு அடுத்து ஸ்பைக் கார்டு. ரெண்டும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள்ள முடிச்சுடலாம். வீடு மாறும்போது கையோட எடுத்துட்டுப் போயிடலாம். ஆனா அந்த பிளக்ல எர்த் வேலை செய்யுதான்னு ஒரு எலெக்ட்ரீஷியனை வெச்சுப் பார்த்துடுங்க. மூணு ஓட்டை இருக்கிறதால எர்த் இருக்குன்னு அர்த்தம் இல்லை.

டி.பி. பாக்ஸ் வேலையை யூடியூப் பார்த்து நீங்களே செய்யாதீங்க. நம்ம வீடியோவைப் பார்த்தும் செய்யாதீங்க. தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் செய்யட்டும்.

இன்ஷூரன்ஸ் கொடுக்காதா?

பர்சனல் ஃபைனான்ஸ் படிக்கிறவங்க கேட்கிற நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் கசக்கும்.

வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்கு. பொதுவா வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால வந்த சேதம் விதிவிலக்குப் பட்டியல்ல இருக்கும். காசு கொடுத்து வாங்குற எக்ஸ்டெண்டட் வாரண்டியிலயும் பெரும்பாலும் அப்படித்தான். பில்லிங் கவுண்டர்ல 3,000 ரூபாய்க்கு அதைத் தலையில கட்டும்போது, "வோல்டேஜ் டேமேஜ் கவர் ஆகுமா? எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?" என்று கேளுங்க. பதில் எழுத்துல இல்லைன்னா அந்த 3,000-ஐ ரிலேயில போடுங்க.

வீட்டு இன்ஷூரன்ஸ்? 2021 ஏப்ரல் 1-ல் இருந்து எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்கிற பொதுவான வீட்டு பாலிசியைக் கொடுக்குது. தீ, புயல், வெள்ளம், மின்னல் எல்லாம் அதுல வரும். ஆனா விதிவிலக்கைப் படிங்க: ஷார்ட் சர்க்யூட், ஆர்க்கிங், தானா சூடாகிறது, மின்கசிவு மாதிரி காரணத்தால ஒரு எலெக்ட்ரிக், எலெக்ட்ரானிக் பொருள் தானே கெட்டுப் போனா, அந்தப் பொருளுக்கு இழப்பீடு இல்லை. அந்த மின்கோளாறு மின்னலால வந்திருந்தாலும் இல்லை. டிவி எரிஞ்சு அதுல இருந்து தீ பரவி சோபா எரிஞ்சா, சோபாவுக்கு உண்டு. டிவிக்கு இல்லை!

அதுக்காக வீட்டு இன்ஷூரன்ஸ் வேண்டாம்னு சொல்லலை. அது தீக்கும் வெள்ளத்துக்கும். எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன் தனி கவரா சில பாலிசிகளில் கிடைக்கும், கேட்டுப் பாருங்க. மத்தபடி வோல்டேஜ் நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி நீங்கதான். ஒரு தடவை கட்டுற 7,500-தான் பிரீமியம்.

இப்போ பேக்கப் கணக்குக்கு வருவோம்

பாதுகாப்பு முடிஞ்ச அப்புறம்தான் பேக்கப். 'ஹோம் தியேட்டரும் ஓடணும்' என்று 150 ஏ.எச். பேட்டரி வாங்குறவங்க முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க.

150 ஏ.எச். × 12 வோல்ட் = 1,800 வாட் அவர். முழுசையும் உறிஞ்ச முடியாது. 80 சதவீதம் வரை எடுக்கலாம், அதுலயும் மாத்தும்போது 20 சதவீதம் வீணாகும்னு வெச்சுக்குவோம். கையில நிக்கிறது சுமார் 1,150 வாட் அவர்.

வீட்டு லோடு: ரெண்டு சாதா ஃபேன் 150, மூணு எல்.இ.டி. பல்பு 30, மோடம் 10. மொத்தம் 190 வாட். 1,150-ஐ 190-ஆல வகுத்தா 6 மணி நேரம்.

இதுல ஹோம் தியேட்டரைச் சேர்ப்போம்: டிவி 120, ரிசீவர் 80, ஊஃபர் 40, செட் டாப் பாக்ஸ் 15. அளவான சத்தத்துல 255 வாட். மொத்தம் 445. இப்போ பேக்கப் வெறும் இரண்டரை மணி நேரம். லோடு ஏற ஏற பேட்டரி கொடுக்கிற அளவும் குறையும். அதனால நடைமுறையில இன்னும் சீக்கிரம் தீரும்.

ஒரு படம் பார்த்து முடிச்சா ராத்திரி ஃபேன் ஓடாது. இதுதான் உண்மையான கேள்வி: கரண்ட் இல்லாத நேரத்துல உங்களுக்கு எது வேணும்? வீட்ல இருந்து வேலை பார்க்கிறவங்களுக்கு மோடமும் லேப்டாப்பும்தான் சம்பளம். குழந்தை, பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு ஃபேன்தான் தூக்கம். படம் நாளைக்குப் பார்க்கலாம்.

ஒரு சின்ன ஐடியா. அந்த ரெண்டு ஃபேனை பி.எல்.டி.சி. ஃபேனா மாத்துங்க. ஒண்ணு சுமார் 30 வாட். இப்போ வீட்டு லோடு 190-ல் இருந்து 100 ஆகிடும். அதே பேட்டரி 11 மணி நேரம் தாங்கும். பெரிய பேட்டரி வாங்குறதைவிட இது மலிவு, ஈ.பி. பில்லும் குறையும்.

சைன் வேவ் இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியும் சேர்த்து சுமார் 22,000 ரூபாய். அஞ்சு வருஷத்துக்கு மாசம் 367 ரூபாய். கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாசம், கரண்ட் போன நேரத்தையெல்லாம் போன்ல குறிச்சு வைங்க. மாசத்துக்கு ஒரு ஷட்டவுனும் ரெண்டு மூணு அரை மணி நேரமும்தான் வருதுன்னா, மோடத்துக்கு மட்டும் ஒரு 1,500 ரூபாய் மினி யு.பி.எஸ். போதுமான்னு யோசிங்க.

ஹோம் தியேட்டரை இன்வெர்ட்டர்ல போடுறதா முடிவு பண்ணிட்டீங்களா?

- *ஸ்கொயர் வேவ் வேண்டாம்.* ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கிற ரிசீவர், ஊஃபர் எல்லாம் அதுல 'ம்ம்ம்' என்று இரையும், சூடாகும். சுத்தமான சைன் வேவ் தான்.
- *ப்ரொஜெக்டருக்கு பேக்கப் அவசியம்.* லேம்ப் வகை ப்ரொஜெக்டர் சூட்டுல இருக்கும்போது திடீர்னு நின்னா கூலிங் ஃபேனும் நின்னுடும், லேம்ப் ஆயுள் குறையும். படம் முடிக்கிறதுக்கு இல்லை, ஒழுங்கா ஆஃப் பண்ணுற அஞ்சு நிமிஷத்துக்குத்தான் அந்த பேக்கப்.
- *ஊஃபரை வெளியே வைங்க.* ஊஃபரை மட்டும் ரிலே வழியா வர்ற ஈ.பி. லைன்லயே விடுங்க. கரண்ட் இல்லாதப்போ டிவி சத்தம் போதும்.
- *பேட்டரி தண்ணி.* மாசம் ஒரு தடவை லெவல் பாருங்க. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. காத்தோட்டமான இடத்துல வைங்க.

"சோலார் போட்டா போதாதா?"

நிறைய பேர் கேட்கிறீங்க. 2024 பிப்ரவரியில வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஈ.பி. பில்லைக் குறைக்க நல்ல திட்டம். ஆனா அது ஆன்-கிரிட் சோலார். கரண்ட் போனா அதுவும் நின்னுடும். கம்பியில வேலை செய்யுற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி அமைச்சிருக்காங்க. பேட்டரி இல்லாத சோலார் பேக்கப் கிடையாது.

காசு இல்லாமலே செய்யக்கூடியது

1. ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டுப் போகாதீங்க. பிளக் சுவிட்சையும் ஆஃப் பண்ணுங்க. இடி மழைன்னா பிளக்கையே பிடுங்குங்க, டிஷ் ஒயரோட.
2. மாதாந்திர ஷட்டவுன் அறிவிப்பு பேப்பர்ல வரும். அன்னைக்கு ஆபீஸ் போகும்போதே டிவி லைனை ஆஃப் பண்ணிட்டுப் போங்க. கரண்ட் வந்து பத்து நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க.
3. லைட் பளிச்சுன்னு எரிஞ்சாலோ, மங்கி மங்கி எரிஞ்சாலோ மெயினை ஆஃப் பண்ணிட்டு மின்னகத்துக்கு 94987 94987 போன் பண்ணுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க. பக்கத்து வீட்டுக்கும் ஒரு குரல் கொடுங்க, அவங்க டிவியும் தப்பிக்கும்.
4. வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் மெயின் சுவிட்ச் எங்கே இருக்குன்னு காட்டி வைங்க. அன்னைக்கு மச்சான் வீட்டுல அக்காவுக்கு அது தெரியாது.

கடைசியா, எந்த வரிசையில செலவு பண்ணலாம்?

புதுசா ஹோம் தியேட்டர் வாங்கப் போறீங்கன்னா, பட்ஜெட்ல 10 சதவீதத்தை முதல்லயே பாதுகாப்புக்கு ஒதுக்குங்க. 80,000 கையில இருந்தா 72,000-க்குத்தான் செட் பாருங்க. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமா குறைஞ்சது. முன்னாடி 50,000 இருந்த டிவியில அந்த வகையில 3,900 ரூபாய் மிச்சம். அந்தக் காசே பாதி பாதுகாப்புக்கு ஆச்சு.

வரிசை இதுதான்: முதல்ல எர்த். அப்புறம் ரிலே. அப்புறம் எஸ்.பி.டி. அதுக்கப்புறம், உண்மையிலேயே தேவைன்னா, இன்வெர்ட்டர். நாம பெரும்பாலும் இதைத் தலைகீழா செய்யுறோம்.

மச்சான் என்ன பண்ணார்? டிவியையும் ரிசீவரையும் மட்டும் 22,500 கொடுத்து சரி பண்ணிட்டார். எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து எடுத்தார், கிரெடிட் கார்டைத் தொடலை, அது ஒரு நல்ல விஷயம். ஊஃபர் இன்னும் மூலையில துணி போட்டு மூடியிருக்கு. டி.பி. பாக்ஸ்ல இப்போ ரிலே இருக்கு, அதுல வோல்டேஜ் எப்பவும் சிவப்பு எழுத்துல ஓடும். கார்த்திகையில ஒரு ராத்திரி 'டக்'னு சத்தம் கேட்டு வீடு இருட்டாச்சாம். போய்ப் பார்த்தா ரிலேயில 284 காட்டுது. ரெண்டு நிமிஷத்துல 236-க்கு இறங்கி, தானா கரண்ட் வந்துச்சு. உடனே எனக்கு போன்: "மாப்ள, இந்த டப்பா 1,800-தானே ஆச்சு?"

ஆமா மச்சான். இ.எம்.ஐ. இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு. ஆனா இந்தத் தடவை பொருளும் இருக்கு.

உங்க வீட்டு இன்வெர்ட்டர் சுவிட்ச் எந்த மோட்ல இருந்துச்சுன்னு பார்த்துட்டு கமென்ட்ல சொல்லுங்க. புதுசா டிவி வாங்கப் போற நண்பர் இருந்தா, பில் போடுறதுக்கு முன்னாடி இதை அனுப்பி வைங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!